நெற்றும் கச்சானும்: திருகோணமலைத் திருமணப் படப்பிடிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஓகஸ்ட் மாதம், மடுத் திருவிழா முடிந்த அடுத்த கிழமையில், திருகோணமலைப் பட்டினத்துப் பழைய ஆலயமொன்றில் நடந்த கத்தோலிக்கத் திருமணத்தைப் படமெடுக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மணமகள் முதன்முறை என்னைச் சந்திக்க வந்தபோது தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, மற்றப் படங்கள் எப்படி வந்தாலும் பரவாயில்லை, இதைப் போல ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார். நீர்கொழும்புக் கடற்கரை, சூரியன் கடலில் இறங்குகிறது, மணப்பெண் கடலைப் பார்த்தபடி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள், அவள் தலையிலிருந்து புறப்படும் நீண்ட வெண்திரை கமராவை நோக்கிப் பறந்து வருகிறது, மாலை வெளிச்சம் அதன் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து நிற்கிறது. நல்ல படந்தான். "உப்புவெளியில எடுத்தா இதைவிட வடிவா வரும் அண்ணா" என்றார். உப்புவெளி எங்கள் திருகோணமலைக் கடற்கரை. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஒரு பிழை இருந்தது. அது என்ன பிழை, அது எப்போது பிடிபட்டது, பிடிபட்ட பின் அதே கடற்கரையில் அதே திரையை வைத்து என்ன செய்ய முடிந்தது என்பவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மணப்பெண் தலையில் இடும் இந்தத் திரையை எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'நெற்' என்றுதான் சொல்வார்கள். 'முடியும் நெற்றும்' என்று சேர்த்துச் சொல்வதே வழக்கம். தொழிலில் உள்ள இளையவர்கள் ஆங்கிலச் சொல்லை எடுத்து 'வெயில்' என்கிறார்கள். திருமணத்தன்று காலை, என் உதவியாளனிடம் "வெயிலைக் கொஞ்சம் இறக்கு" என்று நான் சொன்னதைக் கேட்ட மணமகளின் அம்மம்மா, யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட எழுந்துவிட்டார். அதன் பிறகு நான் அந்த வீட்டில் 'நெற்' என்ற சொல்லை விட்டு வேறெதுவும் பேசவில்லை.

அந்த நெற் அவருடையதுதான். 1960களின் நடுப்பகுதியில் அவர் அணிந்தது, பிறகு அவருடைய மகள் அணிந்தது, இப்போது பேத்தி. ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளம், முகத்தை மூடும் சிறு துண்டு தனியாக. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நைலோன் அல்லது பொலியெஸ்டர் இழையால் ஆனவை. இது பருத்தி. இவ்வகை நெற்றில் இழைகள் முடிச்சுப் போடப்படாமல் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதால் கண்கள் அறுகோணமாக இருக்கும். அப்படி முறுக்கும் இயந்திரத்தை இங்கிலாந்தின் ஜோன் ஹீத்கோட் 1809ஆம் ஆண்டளவில் செப்பமாக்கும் வரை, இத்தகைய மெல்லிய வலைத்துணி கையால் பின்னப்படும் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. 1840இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு வெள்ளை உடையும் பின்னல் வேலைத் திரையும் அணிந்த பின்னர் அது குடியேற்ற நாடுகள் வரை பரவிய வழக்கமாயிற்று. அதற்கு வெகு முன்பு உரோமாபுரி மணப்பெண்கள் அணிந்த திரை வெள்ளையல்ல, தீச்சுவாலையின் நிறம்.

இழை எதுவென்பது படமெடுப்பவருக்கு வெறும் தகவல் அல்ல. நைலோன் நெற் விறைப்பானது, இலேசானது, சிறு காற்றுக்கும் எழும்பும், ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. பருத்தி நெற் உடம்போடு ஒட்டி இறங்கும். மடிப்புகள் மென்மையாக விழும். ஆனால் கடற்கரை விடியலின் ஈரத்தில் கனத்துத் துவண்டுவிடும். நிறத்திலும் வேறுபாடு உண்டு. புதிய வெள்ளைத் துணிகளில் சேர்க்கப்படும் ஒளிர்ப்பான்கள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவதால், அவை பகல் வெளிச்சத்தில் வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரியும். மணமகளின் சேலை அப்படிப்பட்ட புதுச் சேலை. அதன்மேல் அறுபது வருடப் பழமையில் பாலாடை நிறத்துக்கு வந்துவிட்ட நெற். கண்ணுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது, கமராவுக்கு உறைக்கும். எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லும் வெண்சமநிலையைச் சேலைக்குச் சரிசெய்தால் நெற் அழுக்குப் பிடித்தது போலிருந்தது. நெற்றுக்குச் சரிசெய்தால் சேலை நீலம் போட்டது போலிருந்தது. மணமகளின் தாய், நெற்றைக் கணினியில் வெளுக்கலாமா என்று கேட்டார். வெளுக்கலாம்தான். ஆனால் மூன்று தலைமுறையாகப் பெட்டிக்குள் இருந்த துணியின் பழுப்பை அழித்துவிட்டு, அது அம்மம்மாவின் நெற் என்று பிறகு யாருக்குச் சொல்வது? பழுப்பை விட்டுவைத்து, மொத்தப் படத்தையும் சற்று இளஞ்சூடான நிறத்தை நோக்கி நகர்த்தி, இரண்டு வெள்ளைகளும் ஒரே சட்டகத்தில் நேருக்கு நேர் மோதாதபடி நெற்றுக்குப் பின்னிருந்து வெளிச்சம் வரும் கோணங்களையே தேடுவது என்று அன்றே முடிவெடுத்தோம்.

யன்னலோரம்

திருமண நாளில் நெற்றின் ஆயுள் குறுகியது. ஆலயத்தில் தாலி கட்டியபின் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச் சேலைக்கு மணமகள் மாறிவிடுவார்; மண்டபத்துக்குக் கூறையோடுதான் போவார். வீட்டில் அலங்காரம் முடிவதிலிருந்து திருப்பலி முடிந்து ஆலய வாசலில் குடும்பப் படம் எடுக்கும் வரை, கூட்டிப் பார்த்தால் மூன்று மணித்தியாலம். அதிலும் முகத்திரை முகத்தின்மேல் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. இதைக் கணக்கில் எடுக்காமல் "பிறகு எடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டு ஏமாந்த புகைப்படக்காரர்களில் நானும் ஒருவன்.

ஆகவே காலை எட்டு மணிக்கே, விறாந்தையை ஒட்டிய அறையில், கிழக்குப் பார்த்த யன்னலோரம் மணமகளை உட்கார்த்தி முகத்திரையை இறக்கச் சொன்னேன். கமராவின் தன்னியக்கக் குவியம் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு வலை தொங்கும்போது அதற்குத் தடுமாற்றம் வந்துவிடுகிறது. ஒரு படத்தில் கண் இமை, அடுத்த படத்தில் வலைக் கண்ணி என்று மாறி மாறிப் பிடித்தது. நெற்றுக்கும் கண்ணுக்கும் இடையிலிருந்த தூரம் எட்டு சென்ரிமீற்றர் அளவு. 85 மில்லிமீற்றர் லென்ஸின் ஒளித்துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து, ஒன்றரை மீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே மூன்று சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். அதாவது கண் தெளிவாக இருந்தால் நெற் கரைந்து பனிப்படலமாகிவிடும். நெற் தெளிவாக இருந்தால் முகம் கனவுபோல் பின்வாங்கிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் எஃப் 8 வரை மூட வேண்டும். அப்போது ஆழம் பதினைந்து சென்ரிமீற்றருக்கு வரும். ஆனால் முகம் முழுவதும் கண்ணி கண்ணியாகக் கோடு விழும்.

நான் கண்ணையே தேர்ந்தேன். கண்ணைத் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, ஒற்றைப் புள்ளிக் குவியத்தை இமையின் ஓரத்தில் வைத்து, கமராவை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்தபடி தொடர்ச்சியாக எடுத்தேன். இருபத்திரண்டு படங்களில் ஐந்து தேறின. வெள்ளை நிறைந்த காட்சியைக் கமராவின் ஒளிமானி சாம்பல் என்று எண்ணி இருட்டாக எடுக்கப் பார்க்கும். அதனால் ஒரு நிறுத்தம், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டி வைத்தேன். ஆனால் யன்னலைத் தொட்டு விழும் மடிப்புகள் முழு வெள்ளையாக வெந்துபோகாமல், கமராவின் திரையில் மினுங்கும் எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினேன். நெற்றில் ஒருமுறை வெந்துபோன இடத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே இழை இருந்ததற்கான அடையாளமே கோப்பில் இருக்காது.

அந்த ஐந்தில் ஒன்றை நெற்றுக்கு உள்ளேயிருந்து எடுத்தேன். மணமகளின் தோழி நெற்றின் நீண்ட முனையைத் தூக்கி என் தலைக்கு மேலாகப் போட, நானும் மணமகளும் ஒரே கூடாரத்துக்குள் இருந்தோம். 35 மில்லிமீற்றர் லென்ஸ். வெளிச்சம் நான்கு பக்கமிருந்தும் வடிந்து வந்தது. வெளியே நின்ற அம்மம்மா அந்தப் படத்தில் நிழலாக மட்டும் தெரிகிறார். ஆனால் அவர் கையில் செபமாலை இருப்பது தெளிவாகத் தெரிகிறது. லென்ஸுக்கு முன்னால் துணி பிடித்து மென்மையாக்கும் வேலை புதிதல்ல. அந்தக் காலத்து ஹொலிவூட் ஒளிப்பதிவாளர்கள் நடிகையரின் முகத்தை மென்மையாகக் காட்ட லென்ஸில் வலைத்துணியும் பட்டுக் காலுறையும் இழுத்துக் கட்டியவர்கள்தான். வேறுபாடு, இங்கே மணப்பெண்ணும் அதே துணிக்குள் இருக்கிறாள்.

ஆலயத்தில்

ஆலயத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பலிபீடப் படிகளைத் தாண்டி வரக்கூடாது, அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் வசீகரத்தின்போது பிளாஷ் கூடாது என்று பங்குச் சுவாமி முன்னரே சொல்லியிருந்தார். இரண்டும் நியாயமானவை. பக்கக் கதவுகள் திறந்திருந்ததால் பிளாஷ் தேவைப்படவும் இல்லை. தாலி கட்டியபின் மாப்பிள்ளை முகத்திரையை விலக்கும் கணத்துக்காகக் கதவு வெளிச்சம் நெற்றின் பின்னால் வரும்படி வலது பக்கத் தூணோரம் முன்கூட்டியே நின்றுகொண்டேன். திரை எழும்பும் ஒரு செக்கனுக்குள் பத்துப் படங்கள். அவற்றுள் மூன்றாவதில் நெற் பாதி தூக்கிய நிலையில், மாப்பிள்ளையின் விரல்களும் மணமகளின் கண்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன.

மெழுகுதிரிகளைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு திருமணத்தில், மெழுகுதிரியை ஏந்தி நின்ற சிறுமிக்கும் மணப்பெண்ணுக்கும் இடையில் 'நல்ல வெளிச்சம்' தேடி, இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னது நான்தான். நெற்றின் ஓரம் சுருண்டு கருகியது; தோழி கையால் தட்டி அணைத்தாள். அது நைலோன், உருகி ஒட்டியது. பருத்தியாக இருந்திருந்தால் பிடித்து எரிந்திருக்கும். அன்றிலிருந்து, தீ எரியும் எதற்கும் நெற்றுக்கும் இடையில் ஒரு கை நீளத்துக்குக் குறையாத இடைவெளி இல்லாமல் நான் கமராவைத் தூக்குவதில்லை.

இந்தத் திருமணத்தில் வந்த சேதம் வேறு வகை. திருப்பலி முடிந்து தம்பதியர் நடுவழியால் வெளியேறும்போது, நெற்றின் கடைசிப் பகுதி ஒரு வாங்கின் சிலாம்பில் மாட்டி, மூன்று விரல் நீளத்துக்குக் கிழிந்தது. ஆலயப் பணியாளரான சங்கிலித்தாம் ஓடிவந்து எடுத்துவிட்டார். நெற்றின் பின்முனையைத் தூக்கி வர ஒரு பெரியவரை ஒழுங்கு செய்யாமல், இரண்டு சின்னப் பிள்ளைகளிடம் அந்த வேலையை விட்டது எங்கள் குறை. அன்று பின்னேரமே அம்மம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்துக்கொண்டு, முடியளவு மெல்லிய நூலால் அந்தக் கிழிசலைக் கண்ணி கண்ணியாக எடுத்துத் தைத்தார். ஒரு கண்ணிக்கு ஆறு பக்கம். ஊசி ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை சுற்றி அடுத்ததற்குத் தாவியது. இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தைத்த இடத்தை மறுநாள் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தும் என்னால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் விடியல்

கடற்கரைப் படத்தைத் திருமணத்துக்கு மறுநாள் விடியலில் எடுப்பது என்பதே திட்டம். அம்மம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை. "ஒருக்காக் கழட்டின நெற்றைத் திரும்பப் போடுறதோ? தாலி ஏறின பிறகு முகத்தை மூடினா என்ன அர்த்தம் தம்பி?" என்றார். கேள்வி நியாயமானதுதான். முதிர்ந்தவர்களின் இத்தகைய தயக்கத்தைப் 'பழைய நம்பிக்கை' என்று ஒதுக்கிவிட்டுப் படமெடுப்பவர்களின் படங்களில் அந்தக் குடும்பம் சிரிப்பதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். மண்டபத்துக்கு வந்திருந்த பங்குச் சுவாமியிடம் மணமகளின் தாய் போய்க் கேட்டார். முகத்திரையை விலக்குவது திருமணத் திருவருட்சாதனச் சடங்கின் பகுதியே அல்ல, குடும்பங்களில் வந்த வழக்கம் மட்டுமே என்று அவர் விளக்கிய பிறகு, முகத்தை மூடுவதில்லை, நெற் பின்னால் மட்டும் என்ற நிபந்தனையோடு அம்மம்மா இறங்கிவந்தார். அந்த நிபந்தனை எங்களுக்குப் பின்னால் நன்மையாகவே முடிந்தது.

உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஓகஸ்டில் இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டிக் கடலிலிருந்து எழும்பும். மணமகளைக் கடலுக்கு முன் நிறுத்தி, நான் தரைப் பக்கம் நின்று, கிழக்கைப் பார்த்துக் கமராவை வைத்தேன். சூரியன் அடிவானத்தைவிட்டு மேலே வந்தது. காற்றும் இருந்தது. ஆனால் நெற் கமராவை நோக்கி வரவில்லை. கடலை நோக்கி நேரே பறந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்க்கையில், அவருக்கு அப்பால் ஏதோ சுருட்டிய துணி மூட்டை இருப்பது போலத் தெரிந்ததே தவிர, மூன்று மீற்றர் நீளமான திரை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். மணமகளை என் பக்கம் திருப்பினேன். நெற் அவரது முதுகுக்குப் பின்னால் முற்றாக மறைந்தது. கடலைப் பார்க்கத் திருப்பினேன். அது தலைக்கு மேலால் கவிழ்ந்து முகத்தைச் சுற்றிக்கொண்டது. "அண்ணா, மூச்சு முட்டுது" என்றார். பன்னிரண்டு நிமிடம் இப்படிப் போயிற்று.

பிழை எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. நீர்கொழும்பு மேற்குக் கரை. அங்கே மாலையில் சூரியன் கடலில் இறங்கும். தென்மேற்குப் பருவக் காற்றும் கடலிலிருந்தே வரும். வெளிச்சமும் காற்றும் ஒரே திசையிலிருந்து வருவதால், கடலைப் பார்த்து நிற்கும் பெண்ணின் நெற் தானாகவே பின்னொளியோடு கமராவை நோக்கிப் பறக்கும். திருகோணமலையில் அதே பருவத்தில் அதே காற்று, நாட்டின் குறுக்காகத் தரைவழியே வந்து, ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் கச்சான் என்று சொல்லும் வரண்ட காற்றாகக் கடலுக்குள் இறங்குகிறது. சூரியனோ கடலிலிருந்து வருகிறது. வெளிச்சம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம். மணமகள் காட்டிய படம் ஓகஸ்ட் மாதத்து உப்புவெளியில் எடுக்கவே முடியாத படம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் எடுக்கலாம். அப்போது விடியலில் சூரியனும் காற்றும் இரண்டும் கடலிலிருந்து வரும். ஆனால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு மழை. மழை ஓய்ந்து வாடை தணிந்து வீசும் பெப்ரவரியில் எடுக்கலாமென்றால் உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தபசு காலம் குறுக்கே வந்து நிற்கும். அதற்குள் கத்தோலிக்கத் திருமணங்கள் வைப்பது அரிது. ஆகவே அந்தப் படத்துக்குக் கிழக்குக் கரையில் வருடத்துக்கு ஒரு சில கிழமைகள்தான் உண்டு. பதினைந்து வருடம் இந்தக் கரையில் படமெடுத்தவன் இதை ஒரு கைபேசிப் படத்தைப் பார்த்த கணத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நெற்றைத் திருப்ப முடியாது; நான்தான் திரும்ப வேண்டும். கரையோரமாகத் தெற்குப் பக்கம் நகர்ந்து, வடக்கைப் பார்த்து நின்றேன். இப்போது தரை இடப்பக்கம், கடல் வலப்பக்கம். மணமகள் தரையைப் பார்த்து, காற்றுக்கு முகங்கொடுத்து நின்றார். நெற் இடமிருந்து வலமாக, சட்டகத்தின் முழு அகலத்துக்கும், கடலை நோக்கி விரிந்தது. வலப்பக்கமிருந்து வந்த தாழ்ந்த வெயில் அதன் உள்மடிப்புகளுக்குள் நுழைந்து பழுப்பைப் பொன்னாக்கியது. இரண்டு வெள்ளைகளின் சண்டை அங்கே தானாகவே தீர்ந்தது.

முகம் மட்டும் இருட்டில் இருந்தது. நெற்றுக்கும் முகத்துக்கும் மூன்று நிறுத்த வேறுபாடு. வெள்ளித் தாள் ஒட்டிய எதிரொளிப்பானைப் பிடித்தால் கச்சான் அதைப் பாயாக்கி உதவியாளனையும் சேர்த்து இழுத்தது. பக்கத்தில், கரைக்கு இழுத்து விட்டிருந்த வெள்ளை நிறப் பைபர் படகு ஒன்றின் விலாவில் சூரியன் முழுவதுமாக விழுந்துகொண்டிருந்தது. மணமகளை அந்தப் படகிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்துக்குக் கொண்டுபோய், அதைப் பார்த்து நிற்கச் சொன்னேன். படகு சட்டகத்துக்கு வெளியே. அதன் வெண்மை மட்டும் அவரது முகத்தில். அந்த விலாவைப் போன்ற ஓர் எதிரொளிப்பானை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளம், காற்றுக்கு அசையாது.

எஞ்சிய சிக்கல் காற்றின் குணம். கச்சான் ஒரே சீராக வீசுவதில்லை, ஓங்கும், விழும். ஓங்கும்போது நெற் தலைச் சீப்போடு சேர்த்து மணமகளின் கழுத்தைப் பின்னால் இழுத்தது. விழும்போது விடியல் ஈரத்தில் கனத்த பருத்தி சட்டென்று மணலில் சரிந்தது. அந்நேரம் கரைவலைக்கு ஆள் சேரக் காத்திருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு அவருடையது. "தம்பி, தங்கூசி போட்டு இழுங்கோவன்" என்றார். மீன்பிடிக்கும் நைலோன் நரம்பு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அறுபது வருட நெற்றில் நரம்பைக் கோத்து முடிச்சுப் போட்டால் கண்ணி அறுந்துபோகும் என்றேன். அவர் குனிந்து மணலிலிருந்து புளியங்கொட்டை அளவு வழுவழுப்பான கல்லொன்றை எடுத்தார். நெற்றின் ஓரத்தில் அந்தக் கல்லை வைத்து, துணியை அதன்மேல் மடித்து மூடி, கல்லின் கழுத்துப் பக்கமாகத் தங்கூசியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். முடிச்சு நெற்றில் இல்லை, கல்லின் பின்னால் இருந்தது. இழுத்தால் விசை ஒரு கண்ணியில் விழாமல் கல்லைச் சுற்றியுள்ள பத்திருபது கண்ணிகளில் பரவும். "படங்குக்குக் கண் கிழிஞ்சா இப்பிடித்தான் கட்டுறது" என்றார்.

இரண்டு முனையிலும் கல் கட்டி, மணமகளின் ஒன்றுவிட்ட தம்பிமார் இருவரைக் கடல் பக்கம் ஐந்து மீற்றர் தள்ளிக் குந்தியிருக்கச் செய்து இழுக்கச் சொன்னேன். நெற் விரிந்தது, ஆனால் கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பைப் போல விரிந்தது. பெரியவர் தலையை ஆட்டினார். "ரெண்டையும் பிடிச்சா அது செத்துப்போகும். கீழ் முனையைப் பிடியுங்கோ, மேல் முனையைக் காத்துக்கு விடுங்கோ." அப்படியே செய்தோம். கீழ் ஓரம் இழுபட்டு நிற்க, மேல் ஓரம் காற்றோடு எழுந்து, மடங்கி, மீண்டும் திறந்தது. காற்று ஓங்கும்போது தம்பி நரம்பைத் தளர்த்த வேண்டும், விழும்போது இழுக்க வேண்டும். பட்டம் விட்ட கை என்பதால் அதை அவன் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். மணமகளின் தலையில் விழும் இழுவையைக் குறைக்க, சீப்பை மட்டும் நம்பாமல் நெற்றின் மேல்மடிப்பைக் கொண்டையோடு நான்கு ஊசியால் குத்தினோம்.

ஷட்டரை ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கு வைத்து, எஃப் 4இல் எடுத்தேன். அந்த வேகத்தில் மடிப்பு ஒவ்வொன்றும் கல்லில் செதுக்கியது போல் நின்றது. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை; காற்று இருந்ததற்கான அடையாளமே அதில் இல்லாமற் போயிற்று. எனவே அறுபதில் ஒரு செக்கனுக்கு இறக்கி, உணரியின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் குறைத்து, எஃப் 11 வரை மூடி, மணமகளைச் சிலைபோல் நிற்கச் சொல்லிச் சில எடுத்தேன். முகம் தெளிவு, நெற்றின் முனை புகை. இந்த வகையில் பத்துக்கு ஒன்றுதான் தேறும். தலை இம்மி அசைந்தாலும் படம் போயிற்று. பூமத்தியரேகைக்குக் கிட்டிய இந்த நாட்டில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும்; நாற்பது நிமிடத்தில் பத்துப் பாகை உயர்ந்துவிடும். ஆறு ஐம்பதுக்கு வெயில் வெளிறியது, நிறுத்தினோம். கடற்கரையில் எடுத்தவை மொத்தம் 312; கொடுத்தவை ஒன்பது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கோணேசர் மலையுச்சியில் இன்னும் சில எடுக்கலாம், அங்கே காற்று இதைவிட நன்றாக இருக்கும் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். அது வழிபாட்டுத் தலம். மக்கள் கும்பிட வருமிடத்தில் மூன்று மீற்றர் துணியைப் பறக்கவிட்டு நிற்பது முறையல்ல. அத்துடன், ஓங்கி வீசும் காற்றில் பாயளவு துணியைத் தலையில் கட்டிய ஒருவரைச் செங்குத்துப் பாறையோரம் நிறுத்துவது எந்தப் படத்துக்காகவும் செய்யக்கூடாத வேலை.

கணினியில்

யன்னலோரப் படங்களைக் கணினியில் திறந்தபோது, மூன்றில் நெற்றின்மேல் பச்சையும் ஊதாவுமாக அலை அலையான வரிகள் ஓடின. ஒழுங்கான கண்ணிகளைக் கொண்ட நெற்றும், ஒழுங்கான புள்ளிகளைக் கொண்ட கமராவின் உணரியும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோலமொன்று பிறக்கிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்து அசைத்தால் தெரிவதும் இதுவே. நெற் துல்லியமாகக் குவிந்து, கண்ணியின் அளவு உணரிப் புள்ளிகளின் இடைவெளிக்குக் கிட்டவாக வரும் தூரத்தில்தான் இது எழும். எடுக்கும்போதே கண்டிருந்தால் ஓரடி முன்னோ பின்னோ நகர்வதும், கமராவைச் சற்றுச் சரிப்பதும் போதும். கமராவின் சிறு திரையில் தெரியும் அலைகளை நம்பக்கூடாது. படத்தைச் சுருக்கிக் காட்டும்போதும் இல்லாத அலை தோன்றும். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலே உண்மை தெரியும். நிற வரிகளை மென்பொருளில் தூரிகையால் அகற்றினேன். ஒரு படத்தில் நிறம் போனாலும் வரி போகவில்லை, அதைக் கறுப்பு வெள்ளையாக்கியும் சரிவராமல் ஒதுக்கிவிட்டேன். கடற்கரைப் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. அசையும் துணியில் கண்ணிகள் ஒரே ஒழுங்கில் நிற்பதில்லை. அங்கே மூன்றில் மட்டும் தங்கூசி வெயிலில் மினுங்கியதை அழிக்க வேண்டியிருந்தது.

அல்பத்தின் முதற்பக்கத்துக்கு மணமகள் கடற்கரைப் படத்தைத் தேர்ந்தார். நீர்கொழும்புப் படம் ஏன் வரவில்லை என்பதைச் சொன்னபோது, "அப்ப இது எங்கட காத்து" என்றார். மாப்பிள்ளைக்கு அறுபதில் ஒரு செக்கனில் எடுத்தது பிடிக்கவில்லை. ஆடிப்போன படம் என்று இன்றும் சொல்கிறார்.

உப்புக் காற்றில் நின்ற பருத்தியை அப்படியே மடித்து வைத்தால் இழை உக்கிவிடும் என்பதால், அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடும்படி சொல்லியிருந்தேன். பின்னேரம் மணமகளின் தாயிடமிருந்து அழைப்பு வந்தது. கொண்டை ஊசி குத்திய இடத்தில் இரண்டு கண்ணி விட்டிருக்கிறது, கல் கட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, பேசினுக்குள் புளியங்கொட்டை மாதிரி ஒரு கல் நெற்றோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறது, அம்மா அதைக் கழற்ற விடுகிறா இல்லை, முடிச்சைப் பார்த்துப் பழகுகிறா என்றார்.